எண்ணை மட்டும் காட்டாதீர்கள், வாக்குகளையும் காட்டுங்கள்

எங்கள் தியேட்டரின் டிக்கெட்டை விற்கும் இணைய முன்பதிவுச் செயலியின் நிர்வாகத்தினருக்கு,

உங்கள் செயலியின் கடைசி அப்டேட்டுக்குப் பிறகு ஒரு படத்தின் பக்கத்தைத் திறந்தால் பத்துக்கு இவ்வளவு என்று ஒரே ஓர் எண்தான் நிற்கிறது. அதை எத்தனை பேர் சேர்ந்து போட்டார்கள் என்ற கணக்கு போய்விட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் எவ்வளவு, ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எவ்வளவு என்று முன்பு காட்டிய பட்டைகளும் போய்விட்டன. அது போதாதென்று, ஊரில் ஓடும் படங்களை அந்த எண்ணின் வரிசையிலேயே மேலிருந்து கீழாக அடுக்கிவிட்டீர்கள். இதை மாற்றச் சொல்லி அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு, 'பயனாளருக்கு எளிமையான, உலகத் தரத்திலான அனுபவம் தருவதற்காகவே இந்த மாற்றம்' என்று அச்சடித்தாற்போல் ஒரே பதில்தான் வருகிறது. ஆகவே ஊரறியக் கேட்கிறேன்.

நான் தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் இரண்டு திரை கொண்ட தியேட்டரின் மேனேஜர். படம் எடுப்பவனும் அல்ல, விமர்சனம் எழுதுபவனும் அல்ல. வெள்ளிக்கிழமை போட்ட படத்தைத் திங்கட்கிழமை வைத்திருப்பதா, தூக்குவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவன். அந்த முடிவில் விநியோகஸ்தர் உண்டு, முதலாளி உண்டு, டிசிஆர் எனும் அன்றாட வசூல் கணக்கு உண்டு. இப்போது உங்கள் எண்ணும் ஒரு பங்காளியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பங்காளி என்றால் அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சமீபத்தில் ஒரு சின்னப் படம் போட்டோம். பெரிய நடிகர் யாரும் இல்லை. ஊர்ப்பக்கத்துச் சாதிக் கொடுமையை மழுப்பாமல் பேசிய கதை. வெள்ளி காலைக் காட்சிக்கு ஆள் குறைவு. ஆனால் வந்தவர்கள் படம் முடியும்வரை அசையவில்லை. இடைவேளைக்குப் பிறகு கேன்டீன் பக்கம் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் வந்தவர்களுக்குப் படம் பிடித்துவிட்டது என்பது எங்கள் கணக்கு. மாலைக் காட்சி முடிந்து வெளியே வந்த ஓர் அம்மா நேராகக் கவுண்டருக்குப் போய், மறுநாளுக்குத் தன் வீட்டு ஆட்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார். அதே நேரத்தில் உங்கள் செயலியில் அந்தப் படத்துக்கு 5.8. எங்கள் ஊரில் ஓடிய படங்களின் வரிசையில் கடைசிக்கு முந்தைய இடம்.

சனிக்கிழமை கவுண்டர் முன்னால் நின்று ஒரு பையன் போனைத் திருப்பிக் காட்டினான். "அண்ணே, அஞ்சு புள்ளி எட்டுதான் போட்டிருக்கு. படம் தேறுமா, தேறாதா?" நல்லா இருக்கு தம்பி, போய்ப் பாரு என்று எங்கள் கவுண்டர்காரர் சொன்னார். டிக்கெட் விற்பவர் பின்னே வேறென்ன சொல்வார் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பக்கத்துத் திரைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனான். அன்று இரவே விநியோகஸ்தர் ஆபீசிலிருந்து போன். "ரேட்டிங் பார்த்தீங்கல்ல? ஞாயிறு நைட் ஷோவை அந்தப் பெரிய படத்துக்குக் குடுத்துருங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன். முந்நூறு நானூறு தியேட்டரைக் கையில் வைத்திருப்பவர் ஒவ்வொரு ஊர் வாசலிலும் வந்து நின்று பார்க்க முடியுமா? அவரும் உங்கள் எண்ணைத்தான் பார்க்கிறார்.

அந்த ஞாயிறு மாலைக் காட்சியின் டிசிஆர் வெள்ளி மாலையைவிடக் கூடுதல். அதாவது, பார்த்தவர்கள் சொல்லி, கேட்டவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் காட்சிகள் குறைந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை படம் தியேட்டரிலேயே இல்லை.

அந்த 5.8-க்குள் என்ன இருந்தது? நீங்கள் பட்டைகளை மறைத்துவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கீழே இருந்த கருத்துகளைப் படித்தேன். பாதிப் பேர் படத்தைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். மீதிப் பேர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இயக்குநரின் சாதியைத் திட்டி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு படத்துக்குப் பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம், பாதிப் பேர் ஒற்றை நட்சத்திரம். சராசரி மூன்று. இன்னொரு படத்துக்கு எல்லோருமே மூன்று நட்சத்திரம். அதற்கும் சராசரி மூன்று. முதல் படம் ஊரை இரண்டாகப் பிரித்த படம். இரண்டாவது, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடும் படம். உங்கள் செயலியில் இரண்டும் 6. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது அந்தப் பட்டைகள்தாம். அதைத்தான் 'எளிமை' என்ற பெயரில் எடுத்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பயனாளரிடம் நீங்கள் கேட்பது ஐந்து நட்சத்திரம். காட்டுவது பத்துக்கு. மூன்று நட்சத்திரம் போடுபவர் 'பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்' என்ற மனதோடு போடுகிறார். அதை இரண்டால் பெருக்கி நீங்கள் 6 என்று காட்டும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு அது ஃபெயில் மார்க். ஏனென்றால் உங்கள் வரிசையின் மேல்பாதி முழுக்க எட்டும் ஒன்பதுமாக நிற்கிறது. குறைந்தபட்சம் ஒரு நட்சத்திரம் என்பதால், யாருக்குமே பிடிக்காத படம்கூட 2-க்குக் கீழே போக முடியாது என்பதும் வேடிக்கை.

மார்க் போடுவது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. ஆனந்த விகடன் விமர்சனக் குழு நூற்றுக்கு மார்க் போட்டது. 1977-இல் வந்த '16 வயதினிலே'வுக்கு 62.5 போட்டதைச் சினிமாக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் அது முதல் வகுப்பின் விளிம்பு. விகடன் கணக்கில் மகுடம். நாற்பதுக்கு மேல் வாங்கினால் நல்ல படம் என்று வாசகருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? ஒரே குழு, ஒரே கை, வாராவாரம், எல்லாப் படத்துக்கும் போட்டதால். அந்தக் குழுவோடு சண்டை போடலாம், கடிதம் எழுதித் திட்டலாம். உங்கள் செயலியில் ஒரு படத்துக்கு வாக்குப் போட்டவர்கள் வேறு, பக்கத்துப் படத்துக்குப் போட்டவர்கள் வேறு. அந்த நடிகரின் ரசிகர்கள் இங்கே, இந்த நடிகரின் ரசிகர்கள் அங்கே. இந்த இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எது பெரியது என்று காட்டுவதற்கு என்ன அடிப்படை இருக்கிறது?

உலகத் தரம் என்றீர்கள். எந்த உலகம்?

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒன்று இருக்கிறது. 1970-களின் கடைசியிலிருந்து, படம் வெளியாகும் முதல் நாள் இரவு தியேட்டர் வாசலில் நின்று அட்டை கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு கேட்கிறார்கள். முதல் நாளே ஓடி வருபவர்கள் ஆசையோடு வருபவர்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த அட்டையில் 'பி' வந்தாலே விநியோகஸ்தர்கள் முகம் சுளிக்கிறார்கள். யாரிடம், எப்போது கேட்டது என்று தெரிவதால்தான் அந்த எழுத்துக்கு மதிப்பு.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டுவது சராசரியே அல்ல. விமர்சகர்களில் எத்தனை சதவீதம் பேர் படம் தேறும் என்றார்கள் என்பதுதான் அது. 60-ஐத் தொட்டால் சிவப்புத் தக்காளி, கீழே போனால் பச்சைச் சிதறல். நூறு விமர்சகர்களும் 'சுமார், ஆனால் பார்க்கலாம்' என்று சொன்னால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம் வந்துவிடும். இதிலும் ஏமாந்துபோக வழி உண்டு. ஆனால் எத்தனை விமர்சனங்களிலிருந்து வந்த சதவீதம் என்பதைப் பக்கத்திலேயே போடுகிறார்கள். 2019-இல் ஒரு பெரிய சூப்பர்ஹீரோ படம் வெளிவரும் முன்பே அதைத் தாக்கிக் கருத்துகள் குவிந்தன. வெளியீட்டுக்கு முன் பார்வையாளர் கருத்துப் போடும் வசதியையே அவர்கள் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பீட்டைத் தனியாகக் காட்டத் தொடங்கினார்கள்.

திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி தன் டாப் 250 பட்டியலுக்குக் கையாளும் முறை இன்னொரு விதம். வெறும் சராசரியை எடுத்தால், பத்துப் பேர் பத்துக்குப் பத்து போட்ட படம் உலகத்தின் முதல் படமாகிவிடும். அதனால் 25,000 வாக்கு இல்லாத படத்தைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. சேர்த்த பிறகும், வாக்கு குறைவாக உள்ள படத்தைப் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துப் பிடிக்கிறார்கள். 25,000 பேர் போட்ட சராசரி 9, எல்லாப் படங்களின் பொதுச் சராசரி 7 என்று வைத்துக்கொண்டால், அந்தப் படம் 8-ஆகத்தான் கணக்கில் வரும். வாக்கு ஏற ஏறத் தன் சொந்த எண்ணை நோக்கி நகரும். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அவர்கள் காட்டும் மதிப்பெண்ணுக்கு எப்படி எடை போடுகிறார்கள் என்பதை வெளியே சொல்வதில்லை. கள்ள வாக்கைத் தடுக்க என்கிறார்கள். இருந்தாலும் எத்தனை பேர், எந்த எண்ணுக்கு எத்தனை பேர் என்ற பட்டைகள் அங்கே இன்றும் இருக்கின்றன.

நெட்ஃபிளிக்ஸும் நட்சத்திரத்தை எடுத்ததே என்பீர்கள். 2017-இல் எடுத்தார்கள், உண்மை. ஆனால் அங்கே இருந்தது ஊர்ச் சராசரி அல்ல. உங்களுக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று அவர்கள் போட்ட கணிப்பு. ஜனங்கள் அதைச் சராசரி என்று தவறாகப் படித்தார்கள், ஆகவே பிடித்தது, பிடிக்கவில்லை என்று காட்டும் கட்டைவிரலுக்கு மாறினார்கள். யூடியூபும் 2010-இல் நட்சத்திரத்தைக் கைவிட்டது. போடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்துதான் போட்டார்கள், நடுவில் இருந்த இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரங்கள் சும்மா கிடந்தன. நட்சத்திரமே வேண்டாம் என்று நீங்களும் முடிவெடுத்தால் எனக்கு மறுப்பில்லை. நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு, அதைக் கலக்கி ஒற்றை எண்ணாக்கி, மூலத்தை ஒளித்து வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

வரிசைக்கு வருகிறேன். எண்ணைவிட எனக்கு அதிகக் கோபம் இதன்மேல்தான். நான்கு நல்ல படங்கள் ஒரே வாரத்தில் வந்தாலும் வரிசையில் ஒன்று நான்காவதாகத்தான் நிற்கும். 7.9-க்கும் 8.0-க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் சில ஆட்களின் மனநிலையாக இருக்கலாம். வரிசையில் அது ஒரு படி. போன் திரையில் முதல் இரண்டு படங்கள்தான் தள்ளாமல் தெரியும். மூன்றாவதைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்? வரிசை எதை அளக்கிறது என்பதும் அளப்பவர் கையில்தான் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் ஒரு காலத்தில் 70 சதவீதம் பார்த்தால்தான் ஒரு பார்வை என்று எண்ணியது. பிறகு இரண்டு நிமிடம் ஓடினாலே போதும் என்றது. 2021-இல் மொத்த மணிநேரத்துக்கு மாறியது. மூன்று மணிநேரப் படத்துக்கு அதில் கொண்டாட்டம். 2023-இல் மணிநேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை அளவுகோல் மாறும்போதும் பட்டியலும் மாறும். ஆனால் என்ன அளக்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டுச் செய்தார்கள். உங்கள் வரிசையில் ரேட்டிங் மட்டும்தான் இருக்கிறதா, விளம்பரப் பணமும் இருக்கிறதா? நேரடியாகக் கேட்கிறேன், பதில் வேண்டும்.

வாக்குப் போடுபவர்கள் யார் என்பதும் புரியவில்லை. எங்கள் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் தம்பி, இன்னும் பார்க்காத ஒரு படத்துக்குத் தன் போனிலிருந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினார். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. வேறொரு நாள், எந்த மாநிலத்திலும் அதிகாலைக் காட்சி இல்லாத ஒரு நடுத்தரப் படம். தமிழ்நாட்டில் 9 மணிக்குமுன் காட்சி போட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். நாங்கள் இடைவேளைக்கு விளக்குப் போடும் முன்பே செயலியில் 9.3 மின்னியது. பாதிப் படத்துக்கு மார்க் போட்ட மகான்கள் யார்?

அதற்காக டிக்கெட் வாங்கியவர்களை மட்டும் அனுமதியுங்கள் என்று சொன்னால் வேலை முடிந்துவிடாது. எங்கள் ஊரில் பெரிய கூட்டம் இன்னும் கவுண்டரில்தான் டிக்கெட் வாங்குகிறது. கட்டட வேலை முடித்து இரண்டாம் ஆட்டத்துக்கு வருபவர், பேரனைக் கையில் பிடித்து வரும் பாட்டி, சந்தைக்கு வந்துவிட்டு மதியக் காட்சிக்கு ஒதுங்குபவர். இவர்கள் யாருக்கும் உங்கள் செயலியில் வாக்கு இல்லை. உங்கள் கட்டணத்தை மிச்சம் பிடித்துக் கவுண்டருக்கு வந்த ஒரே காரணத்துக்காக இவர்களின் ரசனை கணக்கில் வராமல் போகிறது. குடும்பத்தோடு பார்க்கும் படங்கள் உங்கள் வரிசையில் பின்தங்குவதும் எங்கள் மதியக் காட்சியில் நிறைவதும் எனக்கு இப்போது ஆச்சரியமாகவே இல்லை.

தயாரிப்பாளர் சங்கங்கள் இந்தப் பிரச்சினைக்கு வேறு மருந்து கேட்டன. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், முதல்நாள் தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று எங்களைக் கேட்டுக்கொண்டது. டிசம்பரில் இன்னொரு சங்கமான தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், படம் வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கேரளத்திலும் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேர இடைவெளியைப் பரிந்துரைத்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூன்று நாள் என்பது எங்கள் ஊரில் ஒரு சின்னப் படத்தின் முழு ஆயுள். அத்தனை நாள் ஊர் வாயைக் கட்டினால் நல்ல படத்துக்கு ஆள் சேர்வது எப்படி? யூடியூப் விமர்சகருக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. பிடிக்காவிட்டால் அவரோடு சண்டை போடலாம். உங்கள் எண்ணோடு யார் சண்டை போடுவது?

சட்டம் எதுவும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்று நீங்கள் சொல்லலாம். இணையத்தில் நுகர்வோர் கருத்துகளைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை 2022 நவம்பரிலேயே கொண்டுவந்தது. அது விருப்பத்தின்பேரில் பின்பற்றுவதுதான். வெளிப்படைத்தன்மை அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. எழுதுபவர் யார் என்று சரிபார்ப்பதற்கும் அதில் வழி சொல்லியிருக்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் எடை போடுவது கட்டாயம். உங்கள் எண்ணுக்குள் எத்தனை பேரின் கருத்து என்று போடுவது உங்கள் மனசாட்சி என்ற நிலையில் இருக்கிறோம்.

கேட்பது இவைதாம்.

எடுத்துவிட்ட வாக்கு எண்ணிக்கையையும் நட்சத்திரப் பட்டைகளையும் பொங்கல் வெளியீடுகளுக்கு முன் திரும்பக் கொண்டுவாருங்கள், எண்ணுக்குப் பக்கத்திலேயே, அழுத்தித் தேட வேண்டாத இடத்தில். ஐந்துக்குக் கேட்டால் ஐந்துக்கே காட்டுங்கள். முதல் காட்சி முடியும்வரை எந்தப் படத்துக்கும் எண் வேண்டாம். அதன் பிறகும் வாக்கு ஒரு குறைந்த அளவைத் தொடும்வரை 'இன்னும் போதிய வாக்குகள் இல்லை' என்று எழுதுங்கள். அந்த அளவு என்னவென்று வெளியே சொல்லுங்கள்.

டிக்கெட் வாங்கியவர்களின் வாக்கைத் தனியாகவும் மற்றவர்களின் வாக்கைத் தனியாகவும் காட்டுங்கள். கவுண்டர் டிக்கெட்டில் க்யூஆர் கோடு அச்சடித்துத் தர எங்கள் தியேட்டர் தயார். அதை ஸ்கேன் செய்து வரும் வாக்கை டிக்கெட் வாங்கியவர் வாக்காக ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு வாசலில் அட்டை வைக்கவும் நாங்கள் தயார். அதை எண்ணிச் சேர்க்கும் முறையை நீங்களும் தியேட்டர் உரிமையாளர் சங்கமும் பேசி முடிவு செய்யலாம்.

ஊர்ப் பட்டியலைத் திறந்தவுடன் ரேட்டிங் வரிசையில் காட்டுவதை நிறுத்துங்கள். காட்சி நேர வரிசை போதும். ரேட்டிங் வரிசை வேண்டுபவர் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். காசு வாங்கி மேலே வைக்கும் படம் இருந்தால் அதன்மேல் 'விளம்பரம்' என்று தமிழில் எழுதுங்கள்.

கடைசியாக, ஒரு படத்துக்குத் திட்டமிட்டு ஒற்றை நட்சத்திரமோ ஐந்து நட்சத்திரமோ குவிகிறது என்று தியேட்டரோ தயாரிப்பாளரோ புகார் செய்தால், 24 மணி நேரத்துக்குள் பார்த்துப் பதில் சொல்லும் பொறுப்பில் ஓர் ஆளை நியமித்து, அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் எங்களுக்கு எழுத்தில் கொடுங்கள். இந்த மடலுக்கான பதிலையும் அந்த ஆளே கையெழுத்திட்டு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
இரண்டு திரை தியேட்டர் ஒன்றின் மேனேஜர்